யாரும் பார்க்காத பாட்டில்

"நீங்க குடிப்பீங்களா?" என்று கேட்ட டாக்டர், சுண்டுவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கணவனைத்தான் பார்த்தார். உண்மை அந்தப் பக்கமிருந்துதான் வரும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

சுண்டு சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கும் இயந்திரத்தின்முன் உட்காருகிறவள். அவள் குடித்ததிலேயே காரமானது இருமல் மருந்துதான். டயர் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவன், நகக்கண்ணில் கறுப்பு போகாத கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு, "டாக்டர், இவ காப்பியே பாதி டம்ளர்தான் குடிப்பா" என்றான்.

டாக்டர் சிரிக்கவில்லை. "கல்லீரல் சுருங்கிப்போயிருக்கு. காரணம் இல்லாம சுருங்காது. யோசிச்சுச் சொல்லுங்க" என்று அடுத்தவரைக் கூப்பிட மணியை அழுத்தினார்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த அம்மா விஷயத்தைக் கேட்டதும் பையைத் தரையில் போட்டாள். "குடிகாரன்கூடப் பொறந்த பாவத்துக்கு என் பொண்ணையும் கேக்கறாங்களா? அந்தப் பய எங்க இருந்தாலும் நம்ம மானத்தை வாங்காம விடமாட்டான் போலிருக்கே!"

அந்தப் பய என்றால் சுண்டுவின் அண்ணன். அவளுக்குச் சுண்டு என்று பெயர் வைத்தவனே அவன்தான். தங்கை பிறந்தபோது அவள் கை தன் சுண்டுவிரலைத்தான் பிடித்துக்கொண்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். பெரியவனாகிப் பள்ளிக்கூட வேன் ஓட்டினான். நன்றாகத்தான் ஓட்டினான். பிறகு கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது என்று பெற்றோர்கள் புகார் சொன்னார்கள், வேலை போயிற்று. சுண்டுவின் கல்யாணத்தன்று சூடான காப்பியை மாப்பிள்ளையின் அப்பா மடியில் கொட்டினான். மன்னிப்புக் கேட்கப் போன வாய் குழறியது. கால் பின்னி அவர்மேலேயே விழுந்தான். "காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்திருக்கான்" என்று அவர் கத்தியது மண்டபம் முழுக்கக் கேட்டது. சுண்டுவின் அப்பா மகனைத் தோளைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அத்தோடு சரி. அப்பா காலமாகியும் அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை. நகரத்தின் அந்தக் கோடியில் வண்டி நிறுத்தும் இடமொன்றில் டோக்கன் கொடுக்கிறான், அதன்மேலேயே ஒரு அறையில் இருக்கிறான் என்று மட்டும் தெரியும்.

ஆனால் அம்மா அவனை மறக்கவில்லை. தினமும் படுக்கப் போகுமுன் கை கூப்பி, "கடவுளே, என் பிள்ளையைக் குடிக்காம இருக்க வை" என்பாள். அதைச் சொல்லாமல் அவள் தலையணையில் தலை வைத்ததில்லை.

சுண்டுவைக் கேள்வி கேட்டவர் மூன்றாவது டாக்டர். முதலில் பார்த்தவர் மஞ்சள்காமாலை, ஓய்வெடுத்தால் போகும் என்றார். ஓய்வெடுத்தாள், போகவில்லை. இரண்டாமவர் கல்லீரலில் கொழுப்பு என்று சொல்லி எடையைக் குறைக்கச் சொன்னார். அவளோ அதற்குள் கொடியில் தொங்கும் சட்டை மாதிரி ஆகியிருந்தாள். வயிறு மட்டும் நீர் கோத்து முன்னால் வந்தது. தொழிற்சாலையில் மேற்பார்வைக்கார அம்மாள் கன்னத்தைத் தட்டி, "சொல்லவே இல்லையேடி, எத்தனாவது மாசம்?" என்று கேட்டதும் சுண்டு கழிவறைக்குள் போய்க் கதவைத் தாழ்போட்டு அழுதாள். கணவன் தன்னால் ஆனதைச் செய்தான். தாமிரப் பாத்திரத்தில் வைத்த தண்ணீர் கல்லீரலுக்கு நல்லது என்று டயர் கடையில் யாரோ சொல்ல, பளபளவென்று ஒரு தாமிர பாட்டில் வாங்கி வந்து, இரவில் தானே தண்ணீர் நிரப்பித் தலைமாட்டில் வைத்தான். அவளும் அவன் மனசு நோகக் கூடாதென்று ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

நாலாவதாக அவர்கள் போனது பெரிய ஆஸ்பத்திரிக்கு. அங்கே இருந்தவர் முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு டாக்டரம்மா. பழைய காகிதங்களை எல்லாம் படித்தார். குடிப்பீர்களா என்று அவரும் கேட்டார், இல்லை என்றதும், "சரி, இல்ல. அப்ப வேற தேடுவோம்" என்றார். அவ்வளவுதான். ஒருவர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டு அதற்குமேல் தேடுவது எவ்வளவு பெரிய தயவு என்று சுண்டுவுக்கு அன்றுதான் தெரிந்தது.

கல்லீரலைத் தாக்கும் கிருமிகள் எதுவும் இரத்தத்தில் இல்லை. டாக்டரம்மா அவளைக் கண் பிரிவுக்கு அனுப்பினார். "வயித்துக்கும் கண்ணுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று அம்மா முணுமுணுத்தாள். இருட்டறையில் மோவாயைத் தாங்கியில் வைத்துச் சுண்டு வெளிச்சத்தைப் பார்த்தாள். கருவிக்குப் பின்னால் இருந்த பெண் சட்டென்று நிமிர்ந்து, "மேடம், கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று குரல் கொடுத்தாள். வந்தவர் பார்த்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டார். சுண்டு மோவாயை எடுக்காமலே காத்திருந்தாள். தன் கண்ணுக்குள் அவர்கள் எதைத்தான் பார்க்கிறார்கள்?

இரத்தமும், ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீரும் பரிசோதனைக்குப் போய் வந்தபிறகு டாக்டரம்மா மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"இதுக்கு வில்சன் வியாதின்னு பேரு. நாம சாப்பிடற எல்லாத்துலயும் துளித்துளி தாமிரம் இருக்கு. வேண்டாததைக் கல்லீரல் வெளியே தள்ளிடும். உங்க கல்லீரலுக்குத் தள்ளத் தெரியல. பொறவியிலேயே அப்படி. தாமிரம் சேர்ந்து சேர்ந்து கல்லீரலைக் கெடுத்திருக்கு. கண்ணுல கருவிழி ஓரத்துல ஒரு பழுப்பு வளையமா நிக்குது."

சுண்டுவின் கணவனுக்கு முகம் வெளிறிவிட்டது. "தாமிரமா? டாக்டர்... நான்தான் தினமும்... பாட்டில்ல..."

"அதனால வந்ததில்ல. இது அப்பா பாதி, அம்மா பாதி குடுத்து வர்றது. ஆனா இன்னியோட அந்தப் பாட்டிலை எடுத்து வெச்சிடுங்க. மாத்திரை ஆயுசு முழுக்க. கெட்டது எல்லாம் திரும்பாது. இனிமே கெடாம பாத்துக்கலாம்."

நோய்க்கு ஒரு பெயர் கிடைத்ததே அம்மாவுக்குப் பாதி குணமான மாதிரி இருந்தது. மூச்சு விட்டாள். அப்போதுதான் டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "கூடப் பொறந்தவங்க இருக்காங்களா? அவங்களையும் பாக்கணும்."

"ஒரு மச்சான் இருக்காரு. அவர் கதை வேற டாக்டர். மொடாக்குடி" என்றான் கணவன்.

பேனா நின்றது. "கை நடுங்குமா?"

"நடுங்கும்."

"பேச்சு குழறுமா? நடக்கறப்ப தள்ளாடுவாரா?"

"அதான் சொன்னேனே, குடின்னு."

"குடிச்சப்ப மட்டுமா, எப்பவுமேவா?"

"எப்பவுமேதான். எப்பவும் குடிச்சிருப்பார்."

"நீங்க பாத்திருக்கீங்களா?" டாக்டரம்மா அம்மா பக்கம் திரும்பினார். "நீங்க? அவர் குடிச்சு யாராவது பாத்திருக்கீங்களா?"

சுண்டு நினைவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அண்ணன் அறையில் பாட்டில்? இல்லை. அவன்மேல் வாடை? தெரியாது, பக்கத்தில் போனால்தானே. அவனோடு சேர்ந்து குடித்ததாக யாராவது சொன்னார்களா? இல்லை. மதுக்கடையில் பார்த்ததாக? அதுவும் இல்லை. எல்லாருக்கும் தெரியும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒருவரும் பார்க்கவில்லை.

"தாமிரம் சிலபேருக்கு மூளைக்கும் போகும்" என்றார் டாக்டரம்மா, குரலைத் தாழ்த்தி. "பாக்கறவங்களுக்குக் குடிச்ச மாதிரியேதான் இருக்கும். பரிசோதிக்காம நான் எதுவும் சொல்லமாட்டேன். ஆனா நாள் கடத்தாதீங்க. கூட்டிட்டு வாங்க."

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். "குடிக்காதவனையா," என்றாள் சுவரைப் பார்த்து, "குடிக்காம இருக்க வைன்னு கேட்டுக்கிட்டிருந்தேன்?"

மறுநாள் காலையிலேயே கிளம்பினார்கள். வழியெல்லாம் சுண்டுவுக்கு ஒரே கவலைதான். வாசலில் கொண்டுபோய் விட்டபிறகு ஒருநாளும் எட்டிப்பார்க்காதவர்கள் இன்று வந்து வா என்றால் வருவானா? வராவிட்டால், கையும் காலும் போன மாதிரி அவன் உயிரும் போய்விடலாம்.

வண்டி நிறுத்துமிடத்தின் படிக்கட்டைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கால் எழவில்லை. "நீ போ. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது?" என்று மருமகன் கையைப் பிடித்தபடி கீழேயே நின்றுவிட்டாள். சுண்டு மூச்சிரைக்கத் தனியாக மேலே ஏறினாள்.

அறைக்கதவு திறந்திருந்தது. அண்ணன் இரண்டு கைகளையும் பக்கத்தில் தொங்கவிட்டு நின்றிருந்தான். இளைத்துப் போயிருந்தான். காக்கிச் சீருடையில் இருந்த ஒருவர் அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து அறைக்காரர் போலிருந்தது. எங்கோ இரவுக் காவல் முடித்து வந்த கண்கள்.

"ஆடாம நில்லுய்யா. ஓடற பஸ்ல ஊசிக்கு நூல் கோக்கற மாதிரி இருக்கு."

"நா...நான் ஆடல. ச...சட்டைதான் ஆடுது."

"அப்ப சட்டைகிட்ட சொல்லு."

காவல்காரர் வாசலில் நின்றவளைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தான். அவன் தலை லேசாக ஆடியது. அது அவளைக் கண்டதாலா, நோயாலா என்று சொல்ல முடியவில்லை.

"சு...சுண்டு?"

அவள் பேச நினைத்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. உள்ளே போய், "விடுங்க, நான் போடறேன்" என்று காவல்காரர் விட்ட பொத்தானைப் பிடித்தாள். ஒரு நாளைக்கு எத்தனை சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாள்! அதை மாட்ட ஒருவனுக்குக் கை வராது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவன் மூச்சு அவள் நெற்றியில் பட்டது. சோப்பு வாசனை வந்தது. பல்பொடி வாசனை வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

அவள் மூன்றாவது பொத்தானைப் பிடித்தபடியே நின்றாள்.

"அண்ணா, நீ குடிக்கவே இல்லையா?"

"இல்ல."

"ஏண்ணா சொல்லல?"

"சொ...சொன்னேனே." அவன் சிரிக்கப் பார்த்தான், வாய் ஒரு பக்கமாகப் போயிற்று. "இல்லைன்னு சொல்...சொல்ற வாயே கொழறிச்சு. யா...யாரு நம்புவா?"

"டாக்டர்கிட்டயாவது போயிருக்கலாமே!"

"போனேன். மு...முதல்ல குடியை விட்டுட்டு வான்னார். எ...எதை விட்டுட்டு வர்றது? அதான் மறுபடி போகல."

காவல்காரர் இருமினார். "வாடையே இல்லாம இவன் எப்படி ஆடறான்னு நானும் யோசிச்சிருக்கேம்மா. நமக்கென்ன, கேட்டா வருத்தப்படுவான்னு பொத்தானை மட்டும் போட்டுவிட்டுட்டுப் போயிடுவேன்."

சுண்டு தன் நோயைப் பற்றிச் சொன்னாள். தாமிரம், கல்லீரல், கண்ணில் வளையம், கூடப் பிறந்தவர்களுக்கும் வரலாம் என்றது, எல்லாவற்றையும் அழுகையும் வார்த்தையுமாகக் கொட்டினாள். அண்ணன் சுவரைப் பிடித்துக் கட்டிலில் உட்கார்ந்தான். கேட்கக் கேட்க அவன் கண் பெரிதாயிற்று.

"அப்ப... எனக்கு இருக்கறது வி...வியாதியா?"

"இருக்கலாம்னு சொல்றாங்க. பாத்தாத்தான் தெரியும்."

"நி...நிஜமா வியாதியா சுண்டு?" வியாதி என்றதும் ஒருவன் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை. பக்கத்து அறைக்காரரைத் தட்டினான். "கே...கேட்டீங்களா? வியாதியாம்!"

"கேட்டேன், கேட்டேன். என்னமோ லாட்டரி விழுந்த மாதிரி குதிக்காத. பேரு என்னம்மா?"

"வில்சன் வியாதியாம்."

"யா...யாரு அந்த வில்சன்?"

"யாரோ டாக்டராம் அண்ணா."

"பா...பாவம்," என்றான் அண்ணன், "அவர் பேரும் கெ...கெட்டுப்போச்சு."

சுண்டு அழுகையினூடே சிரித்துவிட்டாள். மிச்சப் பொத்தான்களைப் போட்டாள். "வருவேல்ல அண்ணா?"

அவன் வாசலைப் பார்த்தான். "அ...அம்மா?"

"கீழ நிக்கறா. உன்னைப் பாக்க பயந்துக்கிட்டு நிக்கறா."

அண்ணன் எழுந்துகொண்டான். காவல்காரர் கொட்டாவி விட்டார். "போய்ட்டு வா. எனக்கு இன்னிக்காவது கொஞ்சம் கூடுதலா தூக்கம் கிடைக்கும்" என்றவர், அவன் காலரைச் சரிசெய்துவிட்டுத்தான் தன் அறைக்குப் போனார். கேட்ட வரத்தைக் கேட்டபடியே கொடுக்க முடியாதபோது, கடவுள் இப்படித் தூக்கக் கலக்கத்தோடு ஒருவரைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவைப்பார் போலும்.

படிக்கட்டில் தங்கை தோளைப் பிடித்து ஒவ்வொரு காலாக வைத்து அவன் இறங்கி வருவதை அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் குடி என்று பழித்த அதே தள்ளாட்டம். அவன் கடைசிப் படிக்கு வந்ததும் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவன் நடுக்கம் அவள் கைக்கும் வந்தது.

"தப்பா வேண்டிக்கிட்டேன்டா. தினமும், குடிக்காம இருக்கணும், குடிக்காம இருக்கணும்னு..."

"ப...பலிச்சிடுச்சேம்மா," என்றான் மகன். "ஒரு சொ...சொட்டுகூடக் குடிக்கலையே நான்."

அம்மா வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இருட்டறைக்குள் போன அண்ணனைக் கண் பார்க்கும் பெண் ஒருமுறைதான் பார்த்தாள். இந்தமுறை யாரையும் கூப்பிடவில்லை. "வளையம் நல்லாவே தெரியுது" என்று மெதுவாகச் சொன்னாள். மற்றப் பரிசோதனைகளுக்காக அன்றே படுக்கை கொடுத்தார்கள். மாத்திரை ஆரம்பித்தால் நடுக்கம் எவ்வளவு குறையும் என்று இப்போதே சொல்ல முடியாது, குறையலாம் என்றார் டாக்டரம்மா.

நர்ஸ் விவரங்கள் கேட்க வந்தாள். வயது கேட்டாள், வேலை கேட்டாள். பிறகு காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "குடிப்பாரா?" என்றாள்.

சுண்டுவின் கணவன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணன் வாயைத் திறந்தான்; திறந்த வாயை மூடிக்கொண்டான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் அவனுக்கு விட்டுப்போயிருந்தது.

"இல்லம்மா!" என்றாள் அம்மா. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "என் பிள்ளை குடிக்கமாட்டான். இதுவரைக்கும் தொட்டதே இல்ல. நல்லா எழுதிக்கோ."

நர்ஸ் பயந்துபோனாள். "சரிம்மா, சரி. எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். அதுக்கு ஏன் எல்லாரும் அழறீங்க?"