அடுத்த வாய் யாருக்கு

...ஒரு வாய் வாங்கிவிட்டாள், ஒன்றே ஒன்று, அதோடு சரி, உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தை வலப்பக்கம் திருப்பிவிட்டாள், இனி நான் தலைகீழாக நின்றாலும் திறக்காது, இருபது நாளாக இதே கூத்துதான். அப்படி அந்தப் பக்கம் என்னதான் இருக்கிறது? சுவர், சுவரோரம் செருப்பு அடுக்கு, அதில் இவருடைய பழைய ஷூ. என் மூஞ்சியைவிட அந்த ஷூ லட்சணமாக இருக்கிறதோ என்னவோ. கரண்டியில் மசித்த உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருக்கிறது, அவள் வாயருகே நீட்டிய கையை நான் இறக்கவில்லை, இறக்கினால் தோற்ற மாதிரி, யாரிடம் தோற்ற மாதிரி, ஒன்றரை வயசு வாண்டிடம்... இவர் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் முதலாளி. ‘முதலாளி இன்னிக்கு என்ன சாப்ட்டாங்க?’ என்று தினமும் வேலையிடத்திலிருந்து போன் செய்வார், என்னைச் சிரிக்கவைக்கத்தான், எனக்கோ பற்றிக்கொண்டு வரும். மணி ஒன்றேகால். நான்கு மணிக்குத் தத்து அலுவலகத்து அம்மாள் வருகிறாள், பையில் எடை பார்க்கும் மெஷினோடு.

போன வாரம் வந்தபோது நானூறு கிராம் குறைந்திருந்தது. அந்த அம்மாள் ஒன்றும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை, ‘குழந்தை இன்னும் ஒட்டல போலிருக்கே’ என்று மட்டும் சொல்லிவிட்டு, குனிந்து ஏதோ எழுதினாள், நீளமாக எழுதினாள். இறுதி உத்தரவு வரும்வரை இவள் எங்களிடம் இருக்கிறாள், அவ்வளவுதான், எங்களுடையவள் இல்லை, வேண்டுமென்றால் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்று நாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். இன்றைக்கும் எடை குறைந்தால்? நாத்தனாரிடம் சொன்னால் சிரிக்கிறாள். ‘பசிச்சா தானா திங்கும், நீ சும்மா கரண்டியத் தூக்கிக்கிட்டு அலையாத அண்ணி.’ மூன்று பெற்றவள், அவள் சொல்லலாம். அவள் பிள்ளைகள் வேண்டாம் என்றால் சாப்பாடு வேண்டாம் என்று அர்த்தம். இவள் வேண்டாம் என்றால்... என்னைத்தான் வேண்டாம் என்கிறாள், வேறென்ன, கரண்டியைப் பிடித்திருப்பது நான்தானே. பாட்டுப் பாடியாயிற்று, ஆடியாயிற்று, கன்னத்தை அழுத்தித் திணித்துக்கூடப் பார்த்தேன் ஒருநாள், சீ, அன்றைக்கு என் கை எனக்கே பிடிக்கவில்லை. அவள் அழக்கூட இல்லை. திணித்ததை வாயிலேயே வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவள் இதுவரை வளர்ந்த குழந்தைகள் இல்லத்து ஆயாவுக்குப் போன் போட்டால் என்ன என்று முதல் வாரமே தோன்றியது, போடவில்லை, எனக்கு ஊட்டத் தெரியவில்லை என்று நானே போய்த் தண்டோரா போடவேண்டுமா? பயம்தான், வீம்பு என்று சொல்லிக்கொள்வது சும்மா. இப்போது வீம்பும் இல்லை, மூன்று மணி நேரம்கூட இல்லை. இடது கையால் போனை எடுத்தேன், வலது கை கரண்டியோடு அப்படியே நிற்கிறது. ‘அதுவா? நல்லா சாப்பிடுமேம்மா’ என்றாள் ஆயா, பின்னால் ஒரே இரைச்சல், ஏதோ ஒன்று வீறிடுகிறது. ஒரு வாய்க்கு மேல வாங்க மாட்டேங்குறாளே என்றேன். ‘ஒரு வாய்தானேம்மா குடுப்போம்?’ எனக்குப் புரியவில்லை. ‘எட்டுப் பேரு. வரிசையா உக்கார வெச்சு, ஒரு கிண்ணம், ஒரு கரண்டி. இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஆளுக்கு ஒரு வாய், அப்புறம் மறுபடி முதல்லேருந்து. இது மூணாவது. சுத்து முடிஞ்சு கரண்டி திரும்பி வர்ற வரைக்கும் வாயத் திறக்காது, சமத்து... இரும்மா, ஒண்ணு விழுந்துடுச்சு’ என்று வைத்துவிட்டாள்.

அட பைத்தியக்காரி. இவளைச் சொல்லவில்லை, என்னை. கரண்டி போய்விட்டுத் திரும்பி வந்தால்தான் இவள் முறை, நானோ போகவே விடாமல் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டு இருபது நாள்... அடுத்தவர் வாயை வாங்கக்கூடாது என்று இந்த ஒன்றரை வயசு பட்டினி கிடந்திருக்கிறது, நான் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்தேன். கையை இறக்கினேன். தோள் வலித்தது. சரி, அடுத்து நாலாவது ஆளுக்குக் கொடுப்போம், கரண்டியை அவளுக்கு வலப்பக்கம், வெறும் காற்றில் நீட்டி, ஆ என்றேன், பிறகு ஐந்து, ஆறு, ஏழு, தரையில் முழங்காலால் நகர்ந்தபடி, எட்டாவது ஆள் செருப்பு அடுக்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கவேண்டும், திரும்பி வந்து ஒன்று, இரண்டு, யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்தால் என்னைத்தான் திரும்ப அனுப்பிவைப்பார்கள். மூன்று. வாய் திறந்தது. தானாகத் திறந்தது, குருவிக்குஞ்சு மாதிரி, நாக்குகூடத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வரட்டும். இரண்டாவது சுற்று, மூன்றாவது, நான்காவது, முழங்கால் காந்துகிறது, கிண்ணம் பாதியாகிவிட்டது, இவருக்குப் போன் செய்து முதலாளி முழுச்சாப்பாடு என்று சொல்லவேண்டும், எடை ஏறும், இன்றைக்கே இல்லாவிட்டாலும் அடுத்த வாரம் ஏறும், அந்த அம்மாள் நீளமாக எழுதட்டும், என்ன வேண்டுமானாலும் எழுதட்டும்.

ஐந்தாவது சுற்றில் கொஞ்சம் அவசரப்பட்டேன், அவளுக்குக் கொடுத்துவிட்டு வலப்பக்கத்தை ஒப்புக்குத் தொட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவினேன். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளாக என்னைத் தொட்டதில்லை, பிசுபிசுவென்ற ஐந்து விரல், இழுத்துக்கொண்டுபோய்த் தன் வலப்பக்கம், தன் தோளைவிடச் சற்றுத் தாழ்வாக, ஓரிடத்தில் நிறுத்தினாள். நிறுத்திவிட்டு அங்கேயே பார்த்தாள். இவளைவிடக் குள்ளம்போல. மெதுவாகத் தின்கிற ஆள்போல. பதினாலு வருஷமாகக் கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறேன், எதிரே இருப்பவர் எதைப் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்வதுதான் என் பிழைப்பே, இருபது நாள் இவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்றே நினைத்தேன், தேடுகிறாள் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தோன்றியிருக்கக் கூடாதா... நாலாவது யார் என்று ஆயாவிடம் கேட்கவில்லையே. போன் அங்கே மேசைமேல்தான் இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறேன்? நாங்கள் ஒரு குழந்தை வேண்டும் என்றுதானே எழுதிக் கொடுத்தோம். அவள் என் கையை விடவில்லை, நானும் எடுக்கவில்லை, இன்னும் யாரும் வாங்காத அந்த வாய் கரண்டியில் அப்படியே இருக்கிறது.