வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

வந்திருந்தவர்கள்: தலைவர், அதாவது டயர் கடைக்காரர். உறுப்பினர் மருந்துக்கடைக்காரர், கூட்டம் தொடங்கும் முன் வந்து, பிஸ்கட் தட்டு காலியானதும் கிளம்புகிறவர். உறுப்பினர் நர்ஸம்மா, ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வுபெற்றவர், குழுவுக்குப் புதுசு. குறிப்பெடுக்க நகராட்சி குமாஸ்தா. முதியோர் இல்லத்தின் சார்பில் மேட்ரன்.

"வராதவர் யாருமில்லை" என்று குமாஸ்தா எழுதிக்கொண்டார். மாடியில் ஒரு கதவுக்குப் பின்னால் இருந்த கிழவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் எந்தக் கணக்கிலும் சேர்த்தி இல்லை.

நகராட்சியில் முதியோர் நலக் குழு என்று ஒன்று உண்டு. நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்குச் சாப்பாடு போகிறதா, சக்கர நாற்காலி ஏறும் வண்டி ஓடுகிறதா, இல்லத்தில் இருப்பவர்களை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்களா என்று கண்காணிப்பது அதன் வேலை. இல்லத்துக்கு அவர்கள் போவதற்குத் திடீர்ச் சோதனை என்று பெயர். நாளைக்குத் திடீர்ச் சோதனை என்று முந்தின நாளே குமாஸ்தா போன் செய்து சொல்லிவிடுவார். படுக்கை விரிப்பெல்லாம் மாறும். பேசத் தெரிந்த, குறை சொல்லத் தெரியாத நாலு பேருக்குத் தலை வாரி ஹாலில் உட்கார வைப்பார்கள். "எப்படிம்மா இருக்கீங்க?" "ராஜபோகமா இருக்கேன்." அதோடு சோதனை முடிந்தது. டீ வரும்.

இந்த முறை விஷயம் வேறு. போன மாதம் மாடி அறையில் இருந்த, ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மா கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். விடியும்வரை கதவைத் தட்டியிருக்கிறார். யாரும் வரவில்லை. கதவில் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்ததாக அவருடைய அக்கா மகன் நகராட்சிக்கு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனான். ஆளை உள்ளே வைத்து வெளியே பூட்டக் கூடாது என்பது விதி.

இந்தத் தடவை போன் செய்தது குமாஸ்தா இல்லை. டயர் கடைக்காரரே செய்தார்.

"அப்படி ஒண்ணும் எங்க இல்லத்துல கிடையாதுங்க" என்றார் மேட்ரன், மாடி வராந்தாவில் நின்றுகொண்டு. "நீங்களே பாருங்க. எந்தக் கதவுலயாவது தாழ்ப்பாள் இருக்கா?"

இல்லைதான். காலையில் தச்சர் வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தார். மருந்துக்கடைக்காரர் கதவுகளைப் பார்த்து, "சுத்தமா இருக்கு" என்றார். அவருக்கு டீ மணம் வந்துவிட்டது.

நர்ஸம்மா ஒரு கதவருகே குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிலையில் விரல் வைத்துத் தடவினார். நகத்தால் ஓரிடத்தைக் கீறினார். வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"சோப்பு" என்றார். "அதுவும் வாசனை சோப்பு. ஆணி ஓட்டைய அடைக்கக் கூடவா நல்ல சோப்பு? குளிக்கிறதுக்கு அவங்களுக்குக் குடுத்திருக்கலாமே மேட்ரன்."

மேட்ரன் தலைவரைப் பார்த்தார். தலைவர் சுவரைப் பார்த்தார். "கீழ உக்காந்து பேசுவோம்" என்றார்.

அவருக்கு எல்லாம் தெரியும். முதல் தாழ்ப்பாளைப் போடச் சொன்னதே அவர்தான்.

அவருடைய அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். அம்மா போனபின் அவருக்குப் புத்தி கொஞ்சம் கொஞ்சமாகத் தடம் மாறியது. டயர் கடைக்காரர் அவரை இல்லத்தில் சேர்த்தார். ஊரில் கேட்டவர்களிடம், அப்பா வெளியூரில் அக்கா வீட்டில் இருக்கிறார் என்று சொன்னார். முதியோர் நலக் குழுத் தலைவர் பெற்ற தகப்பனை இல்லத்தில் தள்ளிவிட்டார் என்று நாலு பேர் வாயில் விழ அவருக்கு விருப்பமில்லை. இல்லத்தில் மேட்ரனுக்கு மட்டும் தெரியும். பார்க்கப் போவதும் எப்போதாவதுதான், அதுவும் பின்வாசல் வழியாக.

ஒரு நாள் மத்தியானம் கிழவர் இல்லத்திலிருந்து நடந்து நேராகக் கடைக்கு வந்துவிட்டார். பனியனும் வேட்டியும். வேட்டி நிற்கவில்லை. வாடிக்கையாளர்கள் நடுவில் நின்று, "டிக்கெட், டிக்கெட், சில்லறை இல்லாதவங்க இறங்கிக்கோங்க" என்று அதட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். "யாருங்க இது?" என்று ஒருவர் கேட்டார். "தெரியல, பாவம், எங்கயோ தப்பி வந்திருக்காரு" என்றார் மகன். சொல்லிவிட்டு, காரில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டார்.

அன்றைக்கு மேட்ரனிடம் சொன்னார்: "வெளியில ஒரு தாழ்ப்பாள் போட்டுடுங்க. கொஞ்ச நாளைக்கு மட்டும்."

"ரூல்ஸ் இடம் குடுக்காதே சார்."

"ரூல்ஸ் பாக்குறதே நாங்கதானே."

மேட்ரன் தாழ்ப்பாள் போட்டார். ராத்திரியில் மாடி முழுக்க ஒரே ஒரு ஆயா. ஒரு கதவுக்குப் போட்டதும் வேலை எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிட்டது. அடுத்த கதவுக்கும் வந்தது. அப்புறம் எல்லாக் கதவுக்கும். தலைவரே போடச் சொன்னதை வேறு யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

கீழே சாப்பாட்டு ஹாலில் டீ வந்தது. நர்ஸம்மா கோப்பையைத் தொடவில்லை.

"தாழ்ப்பாள் இருந்துச்சா, இல்லையா? ஒரு வார்த்தைல சொல்லுங்க."

மேட்ரன் வாயைத் திறப்பதற்குள் மாடிப்படியில் குரல் கேட்டது.

"உள்ள போங்க, உள்ள போங்க! படியில நிக்காதீங்க! எத்தனை தடவ சொல்றது?"

தாழ்ப்பாளைக் கழற்றினால் கதவு திறக்கும் என்பதைச் சோப்பு வைத்து அடைத்தவர்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. கிழவர் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கி வந்தார். நேராக மேஜைக்கு வந்து, குமாஸ்தாவின் முன்னால் இருந்த வெற்றுத் தாளை எடுத்து, துண்டு துண்டாகக் கிழிக்க ஆரம்பித்தார். கிழிப்பதில் மட்டும் கை நடுங்கவில்லை.

"எங்க போகணும்?" என்றார் மருந்துக்கடைக்காரரிடம்.

"மேலோகத்துக்கு ஒண்ணு குடுங்க பெரியவரே."

"அந்த வண்டி இங்க நிக்காது. அடுத்த ஸ்டாப்புல போய் நில்லுங்க. பிஸ்கட்ட கீழ சிந்தாதீங்க."

குமாஸ்தா சிரித்துவிட்டார். நர்ஸம்மாவும் சிரித்தார். கிழவர் அடுத்து டயர் கடைக்காரரிடம் வந்தார். முகத்தை உற்றுப் பார்த்தார். மகன் என்று கண்டுகொண்டால் கதை முடிந்தது. கண்டுகொள்ளாவிட்டால் அதைவிட மோசம்.

"சார் எங்க போகணும்?"

டயர் கடைக்காரர் கோப்பையை நகர்த்தி வைத்தார்.

"பாஸா? ஸ்டாஃபா?"

"ஸ்டாஃப்" என்றார் டயர் கடைக்காரர்.

"அப்பச் சரி" என்று கிழவர் நகர்ந்தார்.

நர்ஸம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். "ஐயா, உங்க ரூம வெளியில பூட்டுவாங்களா?"

"டிப்போவுல பூட்டித்தானம்மா வைப்பாங்க. பூட்டலன்னா வண்டி தானா ஓடிடும்ல?"

நர்ஸம்மா மேட்ரனைப் பார்த்தார். மேட்ரன் கண்ணை மூடித் திறந்தார்.

"பிள்ளைங்க இருக்காங்களாய்யா?"

"ஒரே பையன். பெரிய ஆளாயிட்டான். வரமாட்டான். வேலை ஜாஸ்தி." குறைப்பட்டுக்கொள்ளாமல் சொன்னார், வண்டி லேட் என்று பயணிகளிடம் சொல்வது போல.

"யாரு மேட்ரன் இவரோட பையன்?"

மேட்ரன் தலைவருக்கு அவகாசம் கொடுத்தார். நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, 'நான்தான்' என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. டயர் கடைக்காரர் கோப்பையை எடுத்தார். அது காலி. காலிக் கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்தார்.

"வெளியூருல இருக்காரு" என்றார் மேட்ரன்.

கிழவரை மாடிக்கு அழைத்துப்போக ஆயா வந்தாள். கூட்டத்தை ஐந்து நிமிடம் நிறுத்துவதாகச் சொல்லிவிட்டு டயர் கடைக்காரர் எழுந்தார். மேட்ரன் சமையலறைப் பக்கம் அவர் பின்னால் வந்தார்.

"கழட்டினத திரும்பப் போடக் கூடாதுன்னு எழுதப்போறீங்களா?"

"அந்தம்மா விடமாட்டாங்க போலிருக்கு."

"எழுதுங்க. திரும்பப் போடல. எனக்கும் ராத்திரி தூக்கம் வரும். ஆனா பூட்டு இல்லாம உங்க அப்பாவ நான் வச்சுக்க முடியாது சார். ஒரே ஆயா. அவர் ரோட்டுல இறங்கி, லாரியில ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? கூட்டிட்டுப் போயிடுங்க."

"வேற ஏற்பாடு பண்ற வரைக்கும்..."

"கொஞ்ச நாளைக்கு மட்டும்னு அன்னைக்கும் இதைத்தான் சொன்னீங்க."

உள்ளே ஏதோ குக்கர் கத்தியது.

"இன்னொண்ணு சொல்லட்டுமா?" என்றார் மேட்ரன். "சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். உங்க அப்பா தெனமும் ராத்திரி கதவத் தட்டுவாரு. ரெண்டு தட்டு. வண்டி எடுக்கச் சொல்லித் தட்டுவாங்கல்ல, அது மாதிரி. விடிய விடிய. பழகிப்போச்சு. அந்த டைப்பிஸ்ட் அம்மா அவருக்குப் பக்கத்து ரூம். அன்னைக்கு அந்தம்மா தட்டினது ஆயாவுக்குக் கேட்டிருக்கு. கண்டக்டர் வழக்கம்போல வண்டிய எடுக்கச் சொல்றாருன்னு நெனச்சு திரும்பிப் படுத்துட்டா."

டயர் கடைக்காரர் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அவள நான் திட்டல" என்றார் மேட்ரன். "எந்த வாயால திட்டுறது?"

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவர் தீர்மானத்தைச் சொன்னார். வெளிப்பக்கத் தாழ்ப்பாள் எந்தக் கதவிலும் இருக்கக் கூடாது. இருந்தது என்பதைக் குழு பதிவு செய்கிறது. ராத்திரி வேலைக்கு இன்னொரு ஆயா போட நகராட்சிக்குப் பரிந்துரை. குரல் தெளிவாக இருந்தது. மனசாட்சி உறுத்தியது என்று சொல்லிக்கொள்ளலாம். பயந்துவிட்டார் என்பதுதான் சரி. மழுப்பினால் நர்ஸம்மா இன்னும் தோண்டுவார். சோப்பை எடுத்தவர், அதற்குப் பின்னால் இருப்பதையும் எடுத்துவிடுவார்.

யார் முதலில் போடச் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வாசலில் நர்ஸம்மா நின்று அவருக்குக் கை கொடுத்தார். "மன்னிச்சுக்கோங்க தலைவரே. நீங்க மேட்ரன் பக்கம் சாஞ்சு பூசி மெழுகுவீங்கன்னு நெனச்சேன். உங்கள மாதிரி நாலு பேரு இருந்தா வயசானவங்க பயமில்லாம இருக்கலாம்."

"அய்யய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்றார். யாராவது செருப்பால் அடித்திருந்தால்கூட நிமிர்ந்து நின்றிருப்பார். அந்தக் கைகுலுக்கலைத் தாங்க முடியவில்லை. உள்ளங்கை வியர்த்திருந்ததை நர்ஸம்மா கவனித்திருப்பாரோ என்று மட்டும் யோசித்தார்.

எல்லாரும் போகும்வரை காரில் உட்கார்ந்து பேசுவது போல் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு காரைப் பின்வாசலுக்குக் கொண்டுபோனார்.

கிழவர் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். ஒரு துணிப்பை, ஒரு ஜோடி செருப்பு. சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் கதவில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்" என்றார். டயர் கடைக்காரர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

மனைவி வாசலுக்கு வந்தாள். வங்கியில் கேஷியர்; அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும், "மாமா, வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். தட்டில் போட்டுச் சாப்பிட வைத்தாள். வாய் துடைத்துவிட்டாள். அதெல்லாம் ஆனபின்தான் புருஷனை அடுக்களைக்கு இழுத்தாள்.

"என்னங்க இது, சொல்லாம கொள்ளாம?"

சொன்னார். டைப்பிஸ்ட் அம்மா தட்டினது, ஆயா திரும்பிப் படுத்தது எல்லாம் சொன்னார்.

"அந்தம்மா நடப்பாங்களா இனிமே?"

"தெரியல."

"போய்ப் பாத்தீங்களா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

"இருக்குற மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான்." அவள் பாத்திரத்தைத் தொட்டியில் போட்டாள். "சரி, மாமா எங்க படுப்பாங்க? ஹால்ல படுத்தா தெருக்கதவத் திறந்துக்கிட்டுப் போயிடுவாங்க. அடுப்பத் திருகிவிட்டா? நான் ராத்திரி முழுக்க முழிச்சிருக்கவா, நீங்க இருப்பீங்களா?"

அவர் இருப்பதாகச் சொல்லியிருக்கலாம். காலையில் கடைக்குச் சரக்கு வருகிறது.

கொல்லைப்பக்கம் ஓர் அறை உண்டு. கடையில் இடம் போதாத டயர்களை அதில் அடுக்கியிருந்தார். டயர்களைச் சுவரோரம் தள்ளி மடக்குக் கட்டில் போட்டார். ஜன்னலைத் திறந்தார். ரப்பர் வாடை போகவில்லை. குடிக்கத் தண்ணீர், ஒரு வாளி, போர்வை. சரக்கு இருக்கும் அறை என்பதால் கதவுக்கு வெளியே தாழ்ப்பாளும் பூட்டும் ஏற்கெனவே இருந்தன. எதையும் புதிதாகப் போட வேண்டியிருக்கவில்லை.

"இன்னைக்கு மட்டும்தான்" என்றார் மனைவியிடம். அவள் உள்ளே போனாள்.

கிழவர் கட்டிலில் உட்கார்ந்து டயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "டிப்போவா?"

"ஆமாப்பா."

அன்றைக்கு முதல் தடவையாக அந்த வார்த்தை அவர் வாயில் வந்தது. கேட்க வேறு யாரும் இல்லை. கிழவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. மகன் பின்னால் நகர்ந்து கதவின் விளிம்பைப் பிடித்தபோதுதான் அவர் சட்டென்று எழுந்தார்.

"சார், சார். பாத்துப் பூட்டுங்க. வண்டிக்குள்ள ஆள் இருக்கு."

டயர் கடைக்காரர் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைத் தள்ளினார். பூட்டை மாட்டி அழுத்தினார். பிறகு, கடை அடைக்கும் பழக்கத்தில், அது சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.