பாலம் வகுப்பு

சிங்காரவேலு பொய் சொல்லிப் பழகிய ஆள் இல்லை. மகன் விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்லிவிட்டார். நுழைவுத்தேர்வில் ஹரி கோட்டைவிட்டதால், அரசுப் பல்கலைக்கழகத்தின் பாலம் வகுப்பில்தான் அவனுக்கு இடம் கிடைத்தது. ஒரு வருடம் அதைப் படித்துத் தேறினால் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்வார்கள். ஹரி தேறினான், சேர்ந்தான். ஆனால் சுரங்க டவுன்ஷிப்பில் அவர்கள் குடியிருந்த பிளாக் முழுக்க அப்பா சொல்லிவைத்தது, "மெரிட்ல கெடச்சுது."

இப்போது பல்கலைக்கழகம் தரவரிசையில் சறுக்கிவிட்டது. பழி பாலம் வகுப்பின் தலையில் விழுந்தது. அதை மூடலாமா என்று பெற்றோரிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். என்ன பதில் எழுதுவது என்று முடிவுசெய்ய டவுன்ஷிப் மன்றத்தில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். லீவில் வந்திருந்த ஹரியும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"பின்வாசல் வழியா வர்றவங்களால நம்ம பிள்ளைங்க டிகிரிக்கே மதிப்பு போச்சு" என்றார் ஆசிரியை விஜயலட்சுமி.

சுரங்கத்தில் கான்ட்ராக்ட் டிரைவரான கலியன் எழுந்தார். அவர் மகன் நிலவனும் பாலம் வகுப்பில் படித்தவன்தான். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. "ஒரு வருசம் கூடப் படிச்சிக்கினு வந்து, மத்தவங்க எழுதுற அதே பரீட்சையதானங்க எழுதுறாங்க? தரம் எங்க கொறையுது?"

நியாயமான கேள்வி.

"சிங்காரவேலு சார், ஹரி மெரிட்ல போனவன். நீங்க சொல்லுங்க" என்றார் விஜயலட்சுமி.

என் பையனும் அந்த வகுப்புதான் என்ற வார்த்தை அவர் தொண்டை வரைக்கும் வந்தது. பாவி மனுஷன், விழுங்கிவிட்டார். "வடிகட்டித்தாங்க எடுக்கணும். இல்லாட்டி நல்லாப் படிக்கிற பிள்ளைங்க பேரும் சேர்ந்து கெட்டுப்போகும்."

கைதட்டினார்கள். கலியன் ஹரியை ஒரு தரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மூடச் சொல்வதென்றே முடிவானது.

சிங்காரவேலு ஹரியோடு பைக்கை எடுக்க வந்தார். பெற்ற பிள்ளையைத் தன் வாயாலேயே குப்பையில் தள்ளிய அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது. "அத்தனை பேர் முன்னாடி வேற என்னடா சொல்றது?"

"விடுங்கப்பா." அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "காலேஜ்ல நானும் மெரிட்னுதான் சொல்லியிருக்கேன். பாலம் வகுப்புல இருந்து எங்க டிபார்ட்மென்ட்டுக்கு வந்தது நானும் நிலவனும் மட்டும்தான். அவனைப் பின்வாசல்னு கூப்பிட்டுக் கிண்டல் பண்ணுவாங்க. நானும் கூடச் சேர்ந்து கூப்பிடுவேன்."

"அவன் ஒண்ணும் சொல்லலையா?"

"இதுவரைக்கும் யார்கிட்டயும் என்னைக் காட்டிக்கொடுக்கல. நானும் பாலம் வகுப்புதான்னு அவங்கப்பாவுக்கும் தெரியும்பா."

மன்றத்து வாசலில் கலியன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட வேண்டும் என்றுதான் சிங்காரவேலு நினைத்தார். கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியாமல் வண்டியைக் கிளப்பினார்.