முப்பத்தெட்டு ஓட்டு

அந்தச் சலவை ஆலையின் சங்கச் செயலாளருக்குத் 'தாழ்ப்பாள் அக்கா' என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் அவளுடைய ஆட்களேதான். தேர்தல் சமயத்தில் எந்தக் கட்சிக்காரன் துண்டறிக்கையோடு சங்க அறைப் பக்கம் வந்தாலும், பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் மறுபடி உட்காருவாள். "இங்க வேலை நேரம், சம்பளம், பாதுகாப்பு, இவ்வளவுதான் பேச்சு. அரசியல் சாக்கடையை உள்ள விடமாட்டேன்" என்பாள். இருநூற்று நாற்பது பெண்களும் கைதட்டுவார்கள். தட்டாமல் என்ன? மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்து, வாக்குப்பதிவு அன்றைக்குச் சம்பளத்தோடு விடுமுறை வாங்கித் தந்தவளே அவள்தானே!

இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல? ஓட்டுப் போடுவதற்கென்று விடுமுறை வாங்கத் தெரிந்தது, ஓட்டுப் போடத்தான் தெரியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அது மருத்துவமனைத் துணி துவைக்கிற ஆலை. ரத்தமும் சீழுமாக மூட்டை மூட்டையாக விரிப்புகள் வரும், மறுநாளே வெள்ளையாகத் திரும்பிப் போக வேண்டும். நோயாளிக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா? அதனால் இவர்களுக்கும் கிடையாது. ஆளுக்கொரு நாள் முறைவைத்துத்தான் விடுப்பு. ஆலை மொத்தமும் சேர்ந்தாற்போல் ஓய்ந்தது அந்த ஒரு நாள்தான். அதை வீணாக்குவார்களா? தாழ்ப்பாள் அக்காவே பத்து பஸ் பேசினாள். குடும்பம் குட்டியோடு அணைக்கட்டுக்குக் கிளம்பினார்கள்.

பஸ் படியில் கால் வைத்தபோது அவளுடைய தங்கை தயங்கினாள்.

"அக்கா, பள்ளிக்கூடம் பக்கத்துலதானே இருக்கு. பத்து நிமிஷத்துல ஓட்டைப் போட்டுட்டுப் போயிடலாமா?"

"ஏறுடி பேசாம. எவன் வந்தா நமக்கென்ன? நாளைக்கு உருளையில துணி விடப்போறது நீதானே, அவனா வந்து விடப்போறான்?"

பஸ்ஸே சிரித்தது. தங்கையும் சிரித்துக்கொண்டே ஏறினாள்.

அந்தத் தொகுதியில் ஒருவர் முப்பத்தெட்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். செய்தி வந்தபோது அவர்கள் ஈரத்துணி பிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தங்கைக்கு இஸ்திரி உருளையில் வேலை. ஆள் நீளத்துக்குக் கொதிக்கிற இரும்பு உருளை. ஈர விரிப்பின் இரண்டு முனையை இரண்டு பேர் பிடித்து நேராக விட்டால், அந்தப் பக்கம் மொடமொடவென்று வரும். உருளைக்கு முன்னால் ஒரு காப்புக் கம்பி உண்டு. அதில் விரல் பட்டால் போதும், உருளை நின்றுவிடும். துணி சுருண்டு பட்டாலும் நிற்கும், அதுதான் மேலாளருக்கு வயிற்றெரிச்சல். முன்பே இரண்டு தரம் கம்பியைக் கழற்றப் பார்த்தார். ஆனால் தொழிலாளர் நல ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார். வந்ததும் முதல் வேலையாகத் தன் பேனாவால் அந்தக் கம்பியைத் தட்டிப் பார்ப்பார். உருளை நின்றால்தான் அடுத்த பேச்சு. அந்தப் பயத்தில் கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது.

மறு வருஷம் ஒரு புதுச் சட்டம் வந்தது. இனி ஆய்வாளர் பதினைந்து நாள் முன்னால் கடிதம் எழுதிவிட்டுத்தான் வர வேண்டும். மற்ற நாளெல்லாம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று முதலாளியே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். வேலை நேரம் பன்னிரண்டு மணி வரை போகலாம். வாக்குப்பதிவு நாளுக்குச் சம்பள விடுமுறை கட்டாயமில்லை. நம் முப்பத்தெட்டு ஓட்டுக்காரரும் சட்டசபையில் அதற்குக் கை தூக்கினார். மூன்றே மூன்று கை அதிகமாக விழுந்து சட்டம் தேறியது.

ஒரு வாரத்தில் கம்பியைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டார்கள். தாழ்ப்பாள் அக்கா ஓடினாள் ஆய்வாளரிடம்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? வரேன்னு கடுதாசி போடணும். போட்டா அன்னைக்கு மட்டும் கம்பியை மாட்டித் துடைச்சு வெச்சிருப்பாங்க" என்றார் அவர். "நீங்க வருஷக்கணக்கா சண்டை போட்டு வாங்கினதையெல்லாம் ஒரே மத்தியானத்துல பிடுங்கிட்டாங்க. அந்தச் சண்டையை நீங்க வேற வாசல்லயும் போட்டிருக்கணும்."

அவளுக்குச் சுருக்கென்றது. நேரே ஆலைக்குத் திரும்பினாள். வேலைநிறுத்தம் என்று மிரட்டிப் பார்த்தாள். மேலாளர் சட்டப் புத்தகத்தை விரித்து, "நான் எதுல தப்பு பண்ணினேன், காட்டுங்க" என்றார். சட்டமே அவர் பக்கம் வந்து உட்கார்ந்திருக்க, எதைக் காட்டுவது?

அடுத்த மழைக்காலத்தில், பன்னிரண்டு மணி நேர வேலையின் பதினோராவது மணியில், தங்கையின் வலது கை துணியோடு உள்ளே போய்விட்டது. எதிர் முனை பிடித்திருந்தவள் ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்துவதற்குள் மணிக்கட்டு வரை போய்விட்டது. பாவிகள்! மூலையில் சாத்தியிருந்த அந்தக் கம்பி அரைக் கை தூரத்தில்தான் இருந்தது.

மருத்துவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். தாழ்ப்பாள் அக்கா அழவில்லை. இருநூற்று முப்பத்தொரு கையெழுத்து வாங்கிக்கொண்டு நேரே தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனாள். கட்சிக்காரன் முகத்திலேயே விழிக்காதவள், வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படி ஒரு வாசலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அவர் எரிந்து விழுந்திருந்தால்கூடத் தேவலை. தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மனுவை முழுசாகப் படித்தார். "ரொம்பப் பாவம்மா" என்றார், நிஜமாகவே. பிறகு அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து விரித்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது உங்க குடியிருப்பு வாக்குச்சாவடி. பட்டியல்ல நானூத்திப் பன்னிரண்டு பேரு. விழுந்தது அறுபத்தொன்பது. இந்தச் சாவடி மட்டும் பாதி வந்திருந்தாலே நான் இந்த நாற்காலியில இருந்திருப்பேனான்னு தெரியாது. ஆலை முதலாளிங்க ஒரு வீடு விடாம வந்து போட்டாங்க. வயசானவங்களைத் தூக்கிட்டு வந்து போட்டாங்க. மசோதா வந்தப்போ அவங்க நாலு தடவை என்னைப் பார்த்தாங்க. நீங்க ஒரு தடவை வந்தீங்களா?"

"எங்களுக்குச் சட்டம் வந்ததே பின்னாலதான் தெரியும்."

"கையெழுத்துப் போட மட்டும் இத்தனை பேர் இருக்கீங்களே, அன்னைக்கு எங்கம்மா போயிருந்தீங்க?"

அணைக்கட்டுக்கு என்று எப்படிச் சொல்வாள்? தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

தங்கை ஒற்றைக் கையால் ரவிக்கைக் கொக்கி போடப் பழகிக்கொண்டிருந்தாள். உதவ வந்த கையைத் தள்ளிவிட்டு, "என்ன சொன்னாரு?" என்றாள். அக்கா ஒன்று விடாமல் சொன்னாள், மறைக்கத் தெம்பில்லை.

"நான்தான்டி பண்ணினேன்" என்று கடைசியில் உடைந்தாள்.

தங்கை சமாதானம் சொல்லவில்லை. "நீ மட்டும் பண்ணல. ஆனா நீயும்தான் பண்ணின" என்றாள். "இனிமே என்ன பண்ணப்போற, அதைச் சொல்லு. அழுதா எனக்குக் கை முளைக்காது."

அந்த உறுப்பினர் மேல்பதவிக்குப் போய்விட்டதால், இரண்டு வருஷத்துக்குள் இடைத்தேர்தல் வந்தது. நிற்கிறவர்களில் ஒரு பெண், பழைய ஆய்வுச் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தாள். தாழ்ப்பாள் அக்கா சங்க அறைக் கதவை அகலத் திறந்து வைத்து அவளைப் பேசவிட்டாள். கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். "அக்காவுக்கும் பதவி ஆசை வந்துடுச்சு பாரு" என்று காதுபடவே பேசினார்கள். அவள் ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். தங்கையும் கூடப் போனாள், ஒரே நிபந்தனையோடு: "என் கையைக் காட்டி ஓட்டுக் கேக்காதே. அவங்கவங்க கைக்காகப் போடட்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். "கண்டிப்பா அக்கா. உங்க பேச்சைத் தட்டுவோமா?" என்றார்கள்.

ஆனால் வாக்குப்பதிவு காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை. வேலை ஆறிலிருந்து ஆறு வரை. விடுமுறை இல்லை. அன்றைக்கு வராதவர்களுக்கு மூன்று நாள் சம்பளம் போகும் என்று வாசலில் ஒட்டியும் விட்டார்கள்.

காலை ஐந்தரைக்கே அக்காவும் தங்கையும் ஆலை வாசலுக்கு எதிரில் போய் நின்றார்கள். வருகிறவர்கள் இவர்களைப் பார்த்ததும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி வாடகை பாக்கி என்றாள். இன்னொருத்தி, "நீங்கதானே அக்கா சொன்னீங்க, எவன் வந்தாலும் உருளையில துணி விடப்போறது நாமதான்னு" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாள். ஒன்பது பேர் வரிசையை விட்டு விலகி இந்தப் பக்கம் வந்தார்கள். இருநூற்று நாற்பதில் ஒன்பது.

கடைசியாக ஓடி வந்தாள் இரட்டைக் குழந்தைக்காரி. தங்கை நின்ற இடத்தில் இப்போது உருளைக்குத் துணி விடுகிறவள் அவள்தான். மூச்சு வாங்க வந்து தாழ்ப்பாள் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மனசெல்லாம் உங்ககூடத்தான் அக்கா இருக்கு. இன்னைக்கு வேலைக்குப் போகலைன்னா மூணு நாள் சம்பளம் போயிடும். புள்ளைங்களுக்குப் பால் வாங்கணுமே."

"தெரியும்மா."

"எனக்கும் சேர்த்து நீங்களே போட்டுடுங்க அக்கா."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண்ணில் நீர் நிற்க, முழு நம்பிக்கையோடு கேட்டாள். இத்தனை வருஷமாக எல்லாவற்றையும் அவர்களுக்கும் சேர்த்து அக்காதானே செய்துகொண்டிருந்தாள்.

"ஒருத்திக்கு ஒரு ஓட்டுதான்மா" என்றாள் தாழ்ப்பாள் அக்கா. "உன்னோடதை நான் போட முடியாது."

சங்கு ஊதியது. இரட்டைக் குழந்தைக்காரி பிடித்திருந்த கைகளை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.