வட்டில் அடங்காத முப்பத்தொரு எம்பி

1

இந்தக் கதையைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே உறுதியில்லை. 2008 கோடை விடுமுறையில், திருச்சூரில் நடந்தது என்பது வரை சரி. உம்மர் மாஷ் (மலையாளத்தில் மாஷ் என்றால் வாத்தியார்) படியேறி வந்தது சனிக்கிழமையா ஞாயிறா என்பது தெரியாது. லிஸம்மா அன்று அழுதாள் என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். பிறகு அடித்துவிட்டேன். அவள் அழுது நான் பார்த்ததேயில்லை.

அந்த வரைவு இப்படித் தொடங்கியது: "புதுக் கணினியைத் திறக்கிறவருக்கு உள்ளே என்னென்ன இருக்க வேண்டும் என்பதை, அவரைப் பார்த்தேயிராத ஒருவர் எங்கோ உட்கார்ந்து..." அதற்கு மேல் ஓடவில்லை. கட்டுரை வாடை அடித்தது. ஆனால் கதை அதைப் பற்றியதுதான், வேறு வழியில்லை.

2

லிஸம்மாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. வார நாட்களில் ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம், மூடிப்போன தட்டச்சுப் பள்ளிக்கு மேலே இருந்த எங்கள் குழுவின் அறையில். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் இயங்குதளத்தைக் கேரளத்துப் பள்ளிகளுக்கு ஏற்றபடி ஒரே சிடியில் ஆக்கித் தரும் தன்னார்வக் குழு அது. ஏன் ஒரே சிடி? இரண்டு கொடுத்தால் பள்ளிகளில் இரண்டாவது தொலைந்துபோகும். ஒவ்வொரு வருடமும் தொலைந்தது.

வெறும் இயங்குதளத்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையும் ஒன்றும் செய்ய முடியாது. கடிதம் எழுத ஒன்று, படம் வரைய ஒன்று, பாட்டுக் கேட்க ஒன்று, தட்டச்சுப் பழக ஒன்று, சதுரங்கம், எழுத்துருக்கள் என்று எல்லாம் கூடவே வர வேண்டும். எது வரும், எது வராது என்ற பட்டியல் லிஸம்மாவின் பொறுப்பு. ஒரு சிடி வட்டு எழுநூறு எம்பி, அதாவது மெகாபைட், கொள்ளும். அந்த வருடம் எழுநூற்று முப்பத்தொன்று வந்து நின்றது.

(இங்கே குழுவின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த மென்பொருளை எத்தனை பேர் திறக்கிறார்கள் என்று பள்ளிக் கணினிகள் வாரம் ஒருமுறை எங்களுக்கு இணையம் வழியே தகவல் அனுப்பும். பூஜ்யம் வாங்கியதை முதலில் வெட்டுவோம். யாரும் யாரோடும் சண்டை போட வேண்டாம் என்பதற்காக வைத்த ஏற்பாடு.)

திரையில் இருப்பதை மலையாளத்தில் படித்துச் சொல்லும் குரல்: முப்பத்தொரு எம்பி. பயன்பாடு: பூஜ்யம். லிஸம்மா அதை வெட்டினாள். பட்டியல் மூடப்பட்டது. மூடிய பட்டியலில் யாரும் தனியாகக் கைவைக்கக் கூடாது என்பது விதி. சோதனைக்காகச் சில பள்ளிகளுக்கு வட்டு போனது.

3

உம்மர் மாஷ் வடக்காஞ்சேரிப் பக்கத்துப் பள்ளியொன்றில் கணினி ஆய்வகத்தை நடத்தி வந்தார். பிறவியிலேயே பார்வை இல்லை. அன்று இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"லிஸம்மா மோளே, என் கம்ப்யூட்டர் ஊமையாயிடுச்சு."

"உக்காருங்க மாஷே. சாயா சொல்லட்டுமா?"

"சாயா கிடக்கட்டும். குரல் எங்க போச்சு?"

கணக்கெடுப்பைக் கவனித்த சுனில்தத் மூலையிலிருந்து சொன்னான்: "அதை யாருமே திறக்கல மாஷே. கணக்குல சைபர்."

"அப்ப நான் யாரு, பேயா?"

"உங்க மிஷின்லேர்ந்து தகவலே வரலையே."

"இன்டர்நெட் இருந்தாத்தானேடா வரும்! ஸ்கூல் போனே ஹெட்மாஸ்டர் ரூம்ல பூட்டிக் கிடக்கு. இந்த ஜில்லாவுல என்னை மாதிரி பதினாலு பேர். ஒருத்தன்கிட்டயும் இன்டர்நெட் இல்ல. பதினாலு சைபரைக் கூட்டினா சைபர்தான். உன் கணக்கு ரொம்ப சரி."

குரலை வெட்டியது லிஸம்மாவின் கை.

"ஜூன்ல எல்லா மிஷின்லயும் இந்த சிடியைத்தான் போடப் போறாங்க," என்றார் மாஷ். "குரல் இல்லேன்னா லேபை டிரில் மாஷ்கிட்ட குடுத்துடுவாங்க. அவனுக்கு மௌஸைப் பாத்தாலே விசிலடிக்கத்தான் தோணும். நான் ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து மணியடிக்கிறதை எண்ணணும்."

4

அடுத்து லிஸம்மா என்ன செய்தாள் என்பதை எழுத மூன்று முறை முயன்றேன். குழுவைக் கூட்டலாம் என்று அவள்... (நேரமில்லை. ஐயாயிரம் நகலெடுக்க மறுநாள் காலை வட்டு கொச்சிக்குப் போக வேண்டும்.) சதுரங்கத்தை எடுத்துவிடலாம் என்று அவள்... (அது நான்கு எம்பிதான். பிள்ளைகள் அதிகம் திறப்பதும் அதைத்தான்.)

அவள் உண்மையில் செய்தது, எண்ணிக்கைப் பட்டியலை மறுபடி திறந்ததுதான். பூஜ்யம் வாங்கிய இன்னொன்று இருந்தது. எந்த மென்பொருளை எப்படி இயக்குவது என்று சொல்லும் தமிழ் உதவிப் பக்கங்கள், படங்களோடு, முப்பத்துமூன்று எம்பி.*

அவள் திரும்பினாள். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க."

* அவற்றை எழுதியவன் நான். தேவிகுளம் எஸ்டேட்டுகளிலும் சிற்றூர் தாலுக்காவிலும் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளுக்காக, இரண்டு வருட வேலை. அந்த அறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்பதை இதுவரை சொல்லாமல் லிஸம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். எஸ்டேட் பள்ளி எதிலும் இணையம் கிடையாது. அது எனக்குத் தெரியும்.

"எனக்காக யாரோடதை எடுக்கறீங்க?" என்று கேட்டார் மாஷ். முகம் என் பக்கமாக இருந்தது.

"யாரும் திறக்காததைத்தான் மாஷே," என்றேன்.

5

ஒரு வரைவில் நான் உண்மையைச் சொல்கிறேன். மாஷ் எழுந்து போய்விடுகிறார். இன்னொன்றில், நான் சொன்னதைத் தியாகம் என்று எழுதியிருந்தேன். அந்தத் தாளை வைத்திருக்கவில்லை. விட்டுக்கொடுத்தது என்னுடையது என்றால் தியாகம். எஸ்டேட் பிள்ளைகளுடையது என்றால் அதற்கு என்ன பெயர்? என் நாற்காலி காலியாக இருக்கிறது. மாஷ் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். நீங்கள் உட்கார்ந்து உங்கள் பதிலைச் சொல்லிப் பாருங்கள். கதையின் முடிவு அதுதான்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். வட்டு குரலோடு, தமிழ்ப் பக்கங்கள் இல்லாமல் வெளிவந்தது. உம்மர் மாஷ் ஓய்வு பெறும்வரை ஏழு வருடம் அந்த ஆய்வகத்தை நடத்தினார். மூடிய பட்டியலில் தனியாகக் கைவைத்ததை லிஸம்மா தானே குழுவுக்கு எழுதினாள். பட்டியல் பொறுப்பை அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவள் அதன்பின் வரவில்லை. சுனில்தத் எண்ணுவதை நிறுத்திவிட்டு இப்போது கொச்சியில் வேலை பார்க்கிறான். நான் அந்தப் பக்கங்களை மறுபடி தொடவில்லை. ஆறு வருடம் கழித்து, வட்டில் இடம் ஒரு பிரச்சினையாக இல்லாமல் போனபோது, வேறு யாரோ அவற்றை எடுத்துச் சேர்த்தார்கள். அந்த ஆறு வருடமும் எஸ்டேட் பள்ளிகளில் உதவி கேட்ட பிள்ளைகளுக்கு மலையாளப் பக்கம் திறந்தது.