முதல் முறை வருபவர்களுக்குப் பாதி விலை

டைல்ஸ் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்த ஒற்றை அறையை அவர்கள் இருவரும் நாள் மாற்றி வைத்துக்கொண்டார்கள். திங்கள், புதன், வெள்ளி பெரியவளுக்கு. செவ்வாய், வியாழன், சனி இளையவள் நெட்டைக்கு. நடுவில் தரகர் யாரும் கிடையாது. விளம்பரம் போடுவதிலிருந்து கதவைத் திறப்பதுவரை அவரவர் பாடு. பேச்சு இரண்டுதான். மணிக்கு இவ்வளவு என்று வைத்த தொகைக்குக் கீழே யாரும் இறங்கக் கூடாது. கை நீட்டுகிறவன் என்று ஒருத்தி சொன்ன ஆளை மற்றவளும் சேர்க்கக் கூடாது.

முதல் பேச்சை மீறியவள் பெரியவள். நாற்பத்தோரு வயது. பதினோரு நாளாக வேலை இல்லை. போன் செய்த இரண்டு பேரும், "உங்க வயசுக்கு இது ஜாஸ்திங்க" என்று கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் பேசிவிட்டு வைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் புது சிம் வாங்கி, வேறு பெயரில், முகம் தெரியாத படத்தோடு இன்னொரு விளம்பரம் போட்டாள். முதல் முறை வருபவர்களுக்குப் பாதி விலை, இந்த மாதம் மட்டும்.

அந்த வாரமே கூட்டம். ஒருவன் மூன்றாம் தடவை வந்தபோதும் தனக்கு இதுதான் முதல் முறை என்று சாதித்தான். அவளும் தலையாட்டிவிட்டுப் பாதியை வாங்கிக்கொண்டாள்.

நெட்டையிடம் ஆறு வருடமாக வியாழன்தோறும் வந்த கணக்கு வாத்தியார் வெள்ளிக்கு மாறிவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக அவளிடம் வருவதை நிறுத்தினார்கள். அறைச் சாவி கைமாறிய ஒரு காலையில் நெட்டை கேட்டாள்.

"அக்கா, பாதி விலைன்னு ஒரு விளம்பரம் வருது. படத்துல நம்ம ரூம் கர்ட்டன் இருக்கு. நீங்களா?"

"எவளாவது பழைய படத்தைச் சுட்டுப் போட்டிருப்பா. விடு."

நெட்டை அவள் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். "சரிக்கா" என்று கிளம்பிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை காலை பெரியவள் கதவைத் திறந்தபோது, நெட்டை குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். இடது கை மடியில் கோணலாகக் கிடந்தது. உதடு கிழிந்து, ரத்தம் காய்ந்திருந்தது.

"யாருடி?"

"கை நீட்டுறவன்னு நீங்க சொன்னீங்களே, அந்த மோதிரக்காரன். ரெண்டு மடங்கு தரேன்னான்."

"தெரிஞ்சேவா வரச் சொன்ன?"

"வேற யாரும் வரலையேக்கா."

ஆஸ்பத்திரியில், "நீங்க இவங்களுக்கு யாரு?" என்று நர்ஸ் கேட்டாள். "அக்கா" என்றாள் பெரியவள். மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னதை டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார். முழங்கையில் இரண்டு இடத்தில் முறிவு.

மாவுக்கட்டு காய்வதற்காக நடைபாதை பெஞ்சில் இருவரும் காத்திருந்தார்கள்.

"அந்த விளம்பரம் நான்தான்டி போட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சும்மா இருந்தியா? அன்னைக்கே சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனேக்கா" என்றாள் நெட்டை. குரலில் கோபம் இல்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சேர்ந்தே குறைச்சிருப்போம்."

பெரியவள் அன்றே விளம்பரத்தை எடுத்துவிட்டாள். பாதிக்கு வந்தவர்கள் யாரும் முழுத் தொகைக்குத் திரும்பவில்லை. கணக்கு வாத்தியார் மட்டும் ஒருமுறை போன் செய்து அடுத்த சலுகை எப்போது என்று விசாரித்தார். நெட்டை வெளியூரில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். வாடகையைத் தனியாகத் தாங்க முடியாமல் பெரியவள் இரண்டே மாதத்தில் அறையைக் காலி செய்தாள்.

அதன் பிறகு மூன்று முறை போன் செய்து பார்த்தாள். மூன்று முறையும் அண்ணிதான் எடுத்தாள். கை முழுதாக நீட்ட வரவில்லை, துணி பிழியக்கூட முடியவில்லை என்றாள். கடைசி முறை, "பக்கத்துலதான் இருக்கா. பேச வேணாம்கிறா" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு வைத்தாள்.