கீழ் வீட்டில் விளக்கு எரிகிறது

1

இந்தக் கதை ஒரு மின்வெட்டில் பிறந்தது. போன மாதம் ஒரு சாயங்காலம், முடிச்சூரில் எங்கள் தெரு முழுக்க கரண்ட் போயிற்று. நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தேன். தெருவே இருண்டு கிடக்க, எங்களுக்கு நேர் கீழே, மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் வாசலில் மட்டும் பல்பு எரிந்துகொண்டிருந்தது. மறைப்பானேன், உள்ளே ஓடிப்போய் மனைவியைக் கூப்பிட்டேன்.

"இன்வெர்ட்டருங்க அது," என்றாள் என் மனைவி. "கேமரா ஓடணும்னு கீழ் வீட்டு கேஷவ் ஆன்லயே விட்டுட்டுப் போயிருக்கான். நீங்க பேய்னு நெனச்சீங்களா?"

பேய் என்றுதான் நினைத்தேன். இன்வெர்ட்டர் என்று தெரிந்ததும் பயம் போயிருக்க வேண்டும். ஆனால் அன்று ராத்திரி படுத்து யோசிக்க யோசிக்க அது அதிகமாயிற்று. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "விமானத்தின் ஜன்னல் வழியே கேஷவ் கடைசியாக ஒருமுறை சென்னையைப்"

(வேண்டாம். வெளிநாடு போகிற கதை எதை எடுத்தாலும் எவனாவது ஒருவன் விமான ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.)

இரண்டாம் தொடக்கம்: "டப்ளினில் மழை தூறிக்கொண்டிருந்தது. கேஷவ் கோட்டின் பித்தானை"

(டப்ளினை நான் கண்டேனா? எனக்குத் தெரிந்த வெளியூர் பொத்தேரி. அங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், சாயங்காலம் பஸ் பிடித்துத் திரும்பிவிடுகிறேன்.)

மூன்றாம் தொடக்கம், அலங்காரம் இல்லாமல்: கேஷவ் எங்கள் கீழ் வீட்டுக்காரன். வங்கிக் கடனில் அந்த வீட்டை வாங்கினான். வாங்கிய மறுவருஷமே டப்ளினில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. மனைவி ஸ்நேகாவை அழைத்துக்கொண்டு போய்விட்டான். வீட்டை விற்கவில்லை. வெள்ளம் வந்த ஏரியாவில் தரைத்தளம் என்றால் கேட்கிற விலைக்குக் கடன்கூட அடையாது. வாடகைக்கும் விடவில்லை, குடி வந்தவன் காலி பண்ணாவிட்டால் அங்கிருந்து என்ன செய்வது என்று பயம். ஆக, வீடு பூட்டிக் கிடக்கிறது, மாதம் பிறந்தால் தவணை போகிறது.

அங்கே அவனுக்கு என்ன வேலை தெரியுமா? வீட்டுக் கடன் வாங்கியவர்களில் யார் யார் கட்ட முடியாமல் போவார்கள் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது.*

* இதை நான் கற்பனையாகச் சேர்த்தேன் என்று நினைப்பீர்கள். இந்த அளவுக்கு எனக்குக் கற்பனை வராது.

3

புறப்படும் அன்று சாவியை என் மனைவியிடம் கொடுத்தது ஸ்நேகாதான்.

"அக்கா, வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு விளக்கு ஏத்திடுங்க. கடன்ல இருக்கற வீடு. இருட்டா கெடந்தா இன்னும் கஷ்டம் வரும்னு அம்மா சொல்றாங்க."

"இதெல்லாம் ஒரு வேலையா? நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா போய்ட்டு வா," என்றாள் என் மனைவி. அவள் சொன்ன சொல் தவறாதவள். இந்தக் கதையில் என்னை மிகவும் பயமுறுத்தும் குணம் அதுதான்.

கதையில் அவள் பெயர் ஜெயப்ரியா. சொந்தப் பெயரை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

கேஷவ் தன் பங்குக்கு எல்லா ஏற்பாடும் செய்துவிட்டுத்தான் போனான். ஹாலில் ஒரு கேமரா மாட்டினான், கைபேசியில் எங்கிருந்தும் பார்க்கலாம். கரண்ட் போனாலும் கேமரா நிற்கக் கூடாது என்று இன்வெர்ட்டர் போட்டான். வெள்ளம் வந்தாலும் இன்வெர்ட்டர் நனையக் கூடாது என்று, அதைப் பரண் உயரத்துக்கு இரும்பு ஸ்டாண்ட் அடித்து ஏற்றி வைத்தான். என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான். "எப்படி அண்ணா?" என்று கேட்டபோது, "பிரமாதம்" என்றுதான் நானும் சொன்னேன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. ஆபத்து என்று ஊருக்கே மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு வீட்டில், பரணுக்குப் பக்கத்தில், இன்வெர்ட்டர் நனையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. சுவரோரம் தரையை ஒட்டி, கணுக்கால் உயரத்தில் இருக்கும் பிளக் பாயிண்டுக்கெல்லாம் அதுதான் மின்சாரம் கொடுக்கிறது. அந்தத் தண்ணீரில் யாராவது காலை

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

4

போய் அணைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கிறீர்கள். அணைத்தேனே!

கேஷவிடம் சொன்னால் சம்மதிக்க மாட்டான் என்று, சொல்லாமலே போய் ஸ்டூல் போட்டு ஏறி அணைத்தேன். ஸ்டூலைவிட்டு இறங்குவதற்குள் போன் அடித்தது.

"அண்ணா, வீட்டுல யாரோ பூந்துட்டாங்க. கேமரா போயிடுச்சு." குரல் கிசுகிசுவென்று வந்தது. அலுவலகத்தில் பாத்ரூமுக்குள் நின்று பேசினானாம்.

"நான்தாம்பா. இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணேன். மழைக்காலம், தண்ணி கிண்ணி வந்தா ஆபத்து."

"ஐயோ, போட்டுடுங்கண்ணா. ப்ளீஸ். எங்க டீம்ல ஆளுங்கள வேலைய விட்டு எடுக்கறாங்க. எனக்கு இன்னும் ப்ரொபேஷன் முடியல. வேலை போனா விசாவும் போயிடும். தவணை நின்னா வீடும் போயிடும். அந்த ஹாலை பாத்துட்டுப் படுத்தாதான் தூக்கம் வருது. ஸ்நேகாகிட்ட சொல்லிடாதீங்க."

என்னைவிடச் சின்னவன், அழுகிற குரலில் கெஞ்சுகிறான். மறுபடி ஸ்டூலில் ஏறிப் போட்டுவிட்டேன். அணைத்த ஸ்விட்சைத் தானே மறுபடி போட்ட கதாசிரியன், கதைக்குள் மின்சாரம் எப்படி வந்தது என்று யாரைக் குறை சொல்வது?

5

இதுவரை எழுதியதை மனைவி படித்தாள். படிக்கக் கொடுத்ததே அவளை எச்சரிக்கத்தான்.

"அப்ப நான் செத்துப்போகப் போறேனா கதையில?"

"சீ, வாய கழுவு. இன்னும் முடிவு பண்ணல."

"முடிவு பண்ணலையா? நல்லா இருக்கே!" சிரித்தாள். பிறகு தாளை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. "இன்வெர்ட்டர் ஓடுதுன்னு எனக்குத் தெரியும்ங்க. தெரியாம இல்ல. ஆனா தண்ணி வர்ற நேரத்துல யாருக்குங்க இதெல்லாம் ஞாபகம் வரும்? சாமி படம் மெதக்குதுன்னு சொன்னா நான் எறங்கிடுவேன்."

"எறங்க மாட்டேன்னு சொல்லேன்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

கல்லூரியில் மாணவர்களிடம் கதாபாத்திரம் நம்பும்படி இருக்க வேண்டும் என்று வாய் கிழியப் பேசுகிறேன். இந்தக் கதாபாத்திரம் கொஞ்சம் நம்ப முடியாததாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

6

முடிவுகள்.

அ. மழை விட்டுவிடுகிறது. தண்ணீர் வாசல் கேட்டோடு திரும்பிவிடுகிறது. கேஷவுக்கு வேலை நிரந்தரமாகிறது. (நான் விரும்பும் முடிவு இதுதான். இரண்டு முறை எழுதியும் பார்த்தேன். வானத்தைப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

ஆ. கேஷவ் வீட்டை விற்றுவிடுகிறான். (வாங்குபவர் யார்? உங்களுக்கு வேண்டுமா, சொல்லுங்கள்.)

இ. நான் வீட்டில் இருக்கிறேன், நானே ஓடிப்போய் ஸ்டூலில் ஏறி (ஏறினால் கதை முடிந்தது. ஆனால் மழை வலுத்தால் நான் எங்கே இருப்பேன் என்று எனக்குத் தெரியும். ஜிஎஸ்டி ரோட்டில், நகராத பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.)

ஈ. ஜெயப்ரியா கீழே இறங்குகிறாள்.

ஈ-யை எழுதாமல் ஒரு வாரம் தள்ளினேன். மற்ற மூன்றையும் அடித்துவிட்ட பிறகு அது மட்டும்தான் மிஞ்சியது.

7

வெள்ளிக்கிழமை. ஊருக்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். நான் பஸ்ஸில் இருக்கிறேன், என் போனில் சார்ஜ் இல்லை. டப்ளினில் கேஷவ் ஆபீஸ் மாடிப்படியில் நின்று கைபேசியில் தன் ஹாலைப் பார்க்கிறான். தரை தெரியவில்லை. கணுக்கால் அளவுக்குச் செம்மண் நிறத்தில் தண்ணீர்.

ஜெயப்ரியாவைக் கூப்பிடுகிறான்.

"அக்கா, தண்ணி உள்ள வந்துடுச்சு. பூஜை அலமாரில கீழ் தட்டுல அப்பா போட்டோ இருக்கு. இருக்கறது அது ஒண்ணுதான். அத மட்டும் மேல எடுத்து வெச்சிடறீங்களா?"

"இதோ போறேம்ப்பா. கரண்ட்டையே நிறுத்திட்டாங்க, பயமில்ல. அப்படியே வெளக்கையும் ஏத்திட்டு வந்துடறேன்."

"தேங்க்ஸ்க்கா."

போனைக் காதில் வைத்தபடியே அவள் இறங்குகிறாள். பூட்டைத் திறக்கிறாள். டப்ளினில், உள்ளங்கை அளவுத் திரையில், கதவு திறப்பது தெரிகிறது. கேஷவுக்கு அவளைப் பார்த்ததும் உயிர் வருகிறது.

அவன் ஒன்றே ஒன்றைத்தான் யோசிக்க வேண்டும். ஊரில் மின்சாரமே இல்லாதபோது இந்தப் படம் எப்படித் தெரிகிறது? அவளை அவனால் பார்க்க முடிகிறது என்றால் அந்த வீட்டில் மின்சாரம் இருக்கிறது. முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு வரப்போகும் ஆபத்தைக் கணிக்கிறவனுக்கு இது பெரிய கணக்கு இல்லை. ஆனால் அவன் கண் அலமாரியின் கீழ் தட்டில் இருக்கிறது.

இதற்குமேல் என் கை ஓடவில்லை. அடுத்த வசனம் கேஷவுடையது. அதை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது, நான் எழுதினால் அவன் "பாத்து வாங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிடுவானோ என்று.

கேஷவ் சொன்னான்: "                    "

உங்களுக்காகத்தான் இடம் விட்டிருக்கிறேன். நல்ல வசனமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, கத்தினால் போதும். போன் இன்னும் அவள் காதில்தான் இருக்கிறது. சீக்கிரம் எழுதுங்கள். சாமி இருக்கும் வீடாயிற்றே என்று, நிலைப்படியில் நின்று அவள் ரப்பர் செருப்பைக் கழற்றுகிறாள்.